பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் பேய்

காஞ்சிபுரம்
9.6.2025

கௌசல்யா டீச்சரம்மாவுக்கு, பிள்ளையார்பாளையம் பாரிலிருந்து சிட்டிபாபு எழுதிக்கொள்வது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டு விடுகிறேன். உங்கள் தாத்தாவைப் பேயாக்கியது நான்தான்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் "சிட்டிபாபு" என்று ஒரே ஒரு தரம் என் பேரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்கூட என் பேரை அவ்வளவு கோபமாகச் சொன்னதில்லை. அப்புறம் பதினோரு தரம் போட்டுப் பார்த்தேன், மணியே போகவில்லை. என்னை பிளாக் பண்ணிவிட்டீர்கள் என்று என் சம்சாரம் அன்னம்மாள் விளக்கினாள். "இது தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ பண்ணியிருப்பேன்" என்றும் சொன்னாள். உங்கள் வந்தவாசி விலாசம் பார் கட்டடத்தின் வாடகைப் பத்திரத்தில் இருந்தது.

நடந்தது இதுதான். ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜெபகுமார் யூடியூபில் சேனல் வைத்திருக்கிறான். பழைய இடங்களைப் படம் பிடித்துப் போடுவான். போன மாதம் ஒருநாள் மத்தியானம் போனை நீட்டிக்கொண்டு என் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றான்.

"அண்ணா, இவ்ளோ பழைய பார் இது. எதனா பேய் கீய் இருக்குதா?"

நான் ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தர் 'இருக்கிறதா' என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. இருபத்தொன்பது வருஷமாக உங்கள் கட்டடத்தில் ஆம்லெட் போடுகிறேன். மிளகாய் பஜ்ஜி தீர்ந்துபோன நாளிலும் "வருது, ஒக்காருங்க" என்றுதான் சொல்வேன். அந்த வேகத்தில் "இருக்குதுபா" என்று வந்துவிட்டது. வந்த பிறகு பேய்க்கு ஒரு பேர் வேண்டுமே.

எங்கள் பாரில் மூலையில் ஒரு மேசை உண்டு. நயினார் மேசை என்று பேர். அதில் யாரும் உட்காருவதில்லை. தினமும் கடை திறந்ததும் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் நிரப்பி அதன்மேல் வைக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நயினார் என்றால் எனக்குத் தெரிந்தது உங்கள் தாத்தா அஜிதநாத நயினார்தான். அதனால் அவர் தலையில் கட்டிவிட்டேன்.

ஆனால் ஒன்று, பொய்யை ஒழுங்காகச் சொன்னேன். உங்கள் ஜைன ஆட்கள் பொழுது சாய்ந்தால் வாயில் ஒன்றும் வைக்க மாட்டார்கள். ஆகவே இந்தப் பேய் மத்தியானம் கடை திறக்கும்போது வரும், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடும் என்று சொன்னேன். ராத்திரி வேலை பார்க்காத பேய் இந்தத் தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். முட்டை வாடை ஆகாது, ஆம்லெட் தட்டைக் கவிழ்க்கும் என்றும் சொன்னேன். தட்டைக் கவிழ்ப்பது நான்தான், கை நழுவும். அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

ஒன்று மட்டும் நான் கட்டியதல்ல. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பாருக்குள்ளே தறி ஓடுகிற சத்தம் கேட்கும். டக், டக், டக். அந்தக் காலத்தில் அங்கே பன்னிரண்டு தறி ஓடியது, அப்புறம் உங்கள் வேர்க்கடலை கோடவுன், அப்புறம் சோடா கம்பெனி, அப்புறம் பிராந்திக் கடை, இப்போது அரசாங்கக் கடையை ஒட்டின பார் என்று எல்லாருக்கும் தெரியும். தறியெல்லாம் போய் அறுபது வருஷம் ஆகிறது. சத்தம் மட்டும் கேட்கிறது. ஜெபகுமார் அதையும் பிடித்துப் போட்டுவிட்டான். இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். வந்தவர்கள் ஆம்லெட் வேண்டாம், பேய்க்குப் பிடிக்காது என்கிறார்கள்.

மன்னித்துவிடுங்கள். மூணாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஏழாம் வாய்ப்பாட்டை நீங்கள் என்னைப் பார்த்துத்தான் எழுதினீர்கள் என்பதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஜெபகுமார் அதைக் கேட்கவில்லை.

சிட்டிபாபு


வந்தவாசி
16.6.2025

சிட்டிபாபுவுக்கு,

போனில் பேசினால் நீ எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய். சிரித்த பிறகு கோபப்பட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். இந்த முறை நான் சிரிக்கப் போவதில்லை.

ஏழாம் வாய்ப்பாடு என்பது பொய். எட்டாம் வாய்ப்பாடு.

நீ செய்த காரியம் என்னவென்று உனக்குத் தெரிய வேண்டும். என் மகள் சுகாசினிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பேர் அர்ஹந்த். இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். பேசிப் பழகி, பிடித்துப்போய், அதற்குப் பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள். இருபத்தேழு வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம் இது.

பையனின் அப்பா தரணேந்திரன் ஓய்வு பெற்ற சர்வேயர். நல்ல மனிதர், ஆனால் சர்வேயர். எதையும் நேரில் போய் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் பேசிக்கொண்டே கூடத்தின் அகலத்தைக் காலடியால் அளந்தார். குடி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. அவருடைய அண்ணன் குடியால் போனவர்.

அவர் உன் வீடியோவைப் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே போன் செய்தார். "தப்பாக நினைக்காதீர்கள் அம்மா. பேயை நான் நம்புவதில்லை. ஆனால் உங்கள் தாத்தா பார் பக்கம் போகிற பழக்கம் உள்ளவரா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சுகாசினி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அர்ஹந்தோடும் பேசவில்லை. யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. உன் பேரை நான் இன்னும் சொல்லவில்லை.

அந்தப் பேயை ஒழித்துக்கட்டு. எப்படியென்று எனக்குத் தெரியாது. உண்டாக்கினவன் நீ.

கௌசல்யா


காஞ்சிபுரம்
22.6.2025

டீச்சரம்மாவுக்கு,

பேயை உண்டாக்க எனக்கு ஓர் ஆம்லெட் நேரம் ஆனது. ஒழிக்க ஆறு நாளாக அல்லாடுகிறேன்.

முதல் நாள் ஜெபகுமாரைப் பிடித்து இன்னொரு வீடியோ எடுக்கச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு நின்று, "நான் சொன்னது பொய். பேயும் இல்லை, ஒன்றும் இல்லை" என்றேன். கீழே முந்நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். "அண்ணன் கண்ணுல பயம் தெரியுது." "மிரட்டிடுச்சு போல." ஒரு அம்மா திருநீறு அனுப்பட்டுமா என்று விலாசம் கேட்டிருக்கிறார். அன்னம்மாள் விலாசத்தைக் கொடுத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் சொம்பை எடுத்து உள்ளே ஒளித்து வைத்தேன். மேசை காலியாக இருந்தால் பேச்சும் நின்றுவிடும் என்று நினைத்தேன். நாலு மணிக்குப் பஞ்சாட்சரம் வந்தார். எழுபத்தெட்டு வயது, இன்னும் தறியில் உட்காருகிறவர். காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பார், குளித்துவிட்டு நேரே இங்கே வருவார். மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுப்படிக்குள்ளே நுழைந்து சொம்பைத் தேடி எடுத்து, தண்ணீர் பிடித்து, மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். தினமும் என் சுண்டலைப் பாராட்டுகிறவர், அன்றைக்குப் பாராட்டவில்லை.

அடுத்தது அந்தச் சத்தம். அதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பேய் போய்விடும். எலி என்று பார்த்தேன். மோட்டார் என்று பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம் நாலரை மணி இருக்கும், தட்டு கொண்டுபோகும்போது வழக்கம்போல் கை நழுவியது. குனிந்து வெங்காயத்தைப் பொறுக்கினேன். டக், டக் என்று காதுக்குப் பக்கத்திலேயே கேட்கிறது. அப்படியே மேசைக்கு அடியில் பார்த்தேன்.

பஞ்சாட்சரத்தின் கால் தறி மிதித்துக்கொண்டிருக்கிறது.

டீச்சரம்மா, நான் பொய் சொல்லவில்லை. வலது கால் ஒரு மிதி, இடது கால் ஒரு மிதி. தறிக்குழியில் மிதிக்கட்டையை மிதிப்பதுபோல, ஒரு தாளம் தப்பவில்லை. பக்கத்தில் ராமராஜன், எதிரில் முத்துக்குமார், அவர்களும் நெசவாளிகள்தான். ஆறு காலும் மிதிக்கிறது. மேலே மூன்று பேரும் கட்சி பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் காலுக்குக் கீழே பழைய தறிக்குழிகள் இருக்கின்றன. கடலை கோடவுன் வந்தபோது குழிகளுக்குமேல் பலகை போட்டார்கள், பார்க்காரர்கள் அதன்மேல் ரெக்சின் விரித்துவிட்டார்கள். உள்ளே வெற்றுக்குழி, மேலே பலகை. உடுக்கை மாதிரி சத்தம் வராமல் என்ன செய்யும்.

"பெரியவரே, சத்தம் உங்க கால்லதான்பா வருது" என்றேன்.

"நான் இன்னாத்துக்கு ஆட்டறேன். ஒக்காந்துக்கினு இருக்கேன்" என்றார். சொல்லும்போதே மிதிக்கிறார். முழங்காலைப் பிடித்து அழுத்தினேன். சத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ராமராஜன் முழங்காலையும் பிடித்தேன். பக்கத்து மேசைக்காரர் என்ன நினைத்தாரோ, பில் கேட்டுவிட்டார்.

தலை குடிக்கிறது, கால் இன்னும் வேலையில் இருக்கிறது. அறுபது வருஷமாக மிதித்த காலுக்கு மணி மூன்றாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

ஜெபகுமாரிடம் சொன்னேன். "வாணாம்ணா, காலப் பாக்க எவன் வருவான்" என்கிறான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தாத்தா பார் பக்கம் போவாரா என்று சம்பந்தி கேட்டபோது 'இல்லை' என்று மூன்றெழுத்தில் முடித்திருக்கலாம். பிறகு பேசுகிறேன் என்று ஏன் வைத்தீர்கள்?

சிட்டிபாபு


வந்தவாசி
28.6.2025

சிட்டிபாபுவுக்கு,

நெசவாளிகள் முழங்காலை நீ பிடித்த இடத்தைப் படித்தபோது சிரித்துவிட்டேன். அதை ஒத்துக்கொள்கிறேன். சுகாசினி ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். பத்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். எல்லாம் இவரால்தானா என்றாள். ஆமாம் என்றேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

ஐந்தாம் வகுப்போடு நீ ஆரணிக்கு மாமா வீட்டுக்குப் போய்விட்டாய். அதே வருடம்தான் எங்கள் கட்டடத்தில் பிராந்திக் கடை வந்தது. அடுத்த வாரத்திலிருந்து தாத்தா தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஊருக்கே தெரியும்.

பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது தெருவில் வருவார். தனியாக அல்ல. தள்ளாடிக்கொண்டு வரும் ஓர் ஆளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வருவார். தினம் ஒரு ஆள். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி அவர்களோடு அந்தப் பக்கம் போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்து, கைகால் கழுவி, சாப்பிட உட்காருவார். அம்மா அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிடுவாள். பதினோரு வருடம், அவர் இறக்கும்வரை.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வரும்போது கடை வாசலில் அவரை நேருக்கு நேர் பார்த்தேன். கூட என் தோழிகள் இருந்தார்கள். பார்க்காததுபோல் நடந்தேன். அவரும் கூப்பிடவில்லை.

என்மேல் உயிராக இருந்தவர். எறும்பை மிதிக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் குடித்தார் என்று என்னால் நம்பவும் முடியவில்லை, குடிக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. நீ விளையாட்டாகக் கட்டிய கதை என் நாற்பது வருடப் பயத்தின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. தரணேந்திரனிடம் நான் ஏன் வைத்தேன் என்று இப்போது தெரிகிறதா? பொய் சொல்ல எனக்கு வராது. உண்மை எனக்குத் தெரியாது.

ஜூலை 13ஆம் தேதி அவருக்குப் பதில் சொல்வதாகத் தவணை வாங்கியிருக்கிறேன். அந்த மேசையைப் பற்றித் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே குடிக்கிறார்கள் என்றால் கேட்டுச் சொல். எதுவாக இருந்தாலும் சொல். அலங்காரம் மட்டும் வேண்டாம்.

கௌசல்யா


காஞ்சிபுரம்
2.7.2025

டீச்சரம்மாவுக்கு,

அலங்காரம் இல்லாமல் எழுதுகிறேன். பழக்கம் இல்லாததால் மூன்று காகிதம் கிழித்தாயிற்று.

உங்கள் கடுதாசி வந்த அன்றே பஞ்சாட்சரம் முன்னால் போய் நின்றேன். அவர் முதல் வாய் குடிப்பதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று மூன்றரைக்கே வாசலில் பிடித்தேன். "நயினாரு இந்தக் கடைல குடிச்சாராபா?" என்று நேராகக் கேட்டேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது வருஷமா சொம்ப வெளக்கறே. இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சோடா கம்பெனி போடறேன்னு சொல்லித்தான் கலைவாணன் இந்த எடத்த எடுத்தான். பதினஞ்சு வருஷத்துக்குப் பத்திரம். ரெண்டு வருஷம் சோடாதான் ஓடுச்சு. எம்பத்தி ஒண்ணுல கடை தொறக்கலாம்னு கவர்மெண்டு சொன்னதும் சோடாவுக்குப் பக்கத்துல பிராந்தியும் வந்து ஒக்காந்துக்கிச்சு. நயினாரு வந்து பாத்தாரு. கையெழுத்துப் போட்டுட்டேன், குடுத்த வார்த்தைய மாத்த மாட்டேன்னாரு. மறுநாளு மத்தியானம் கொடையும் சொம்புமா வந்து அந்த மூலையில ஒக்காந்தாரு."

"குடிச்சாரா?"

"தண்ணி குடிச்சாரு. வூட்ல காய்ச்சி, துணியில வடிகட்டி எடுத்தாந்த தண்ணி. எங்களுக்கும் ஊத்துவாரு. 'அத குடிக்கறதுக்கு முன்ன இத ரெண்டு டம்ளர் குடிப்பா'ம்பாரு. வயிறு ரொம்பிட்டா அப்பால அது எங்க எறங்கும்? ஒருத்தனையும் திட்ட மாட்டாரு. புத்தி சொல்ல மாட்டாரு. கலைவாணனுக்குத்தான் வயித்தெரிச்சல்."

"அப்புறம்?"

"அஞ்சு மணி ஆனா எழுந்துக்குவாரு. 'கண்ணு மங்கலா இருக்குதுப்பா, யாராச்சும் வூடு வரைக்கும் கொண்டாந்து வுடுங்க'ம்பாரு. எவன் ரொம்பத் தள்ளாடறானோ அவன் தோள்ல கைய வெப்பாரு. பெரியவரு கேக்கறாரு, மாட்டேன்னு எப்படிச் சொல்றது? கூட்டிக்கினு போவோம். பேசிக்கினே அவரு வூட்டத் தாண்டி எங்க வூட்டு வாசலுக்கு இட்டாந்துடுவாரு. 'இது யாரு வூடுப்பா'ன்னு கேப்பாரு. என் வூடுதான்னா, 'சரி, நீ உள்ள போ, நான் பாத்துக்கறேன்'ம்பாரு. உள்ள போனவன எவ திரும்ப வெளிய வுடுவா?"

"அவர் எப்படித் திரும்பிப் போவாரு?"

பஞ்சாட்சரம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "அதான்பா. எங்கள வுட்டுட்டு அவரு தனியா விடுவிடுன்னு போவாரு. அப்போ கண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னு என் பொண்டாட்டிதான் கேட்டா. எனக்குப் புரியறதுக்கு நாலு வருஷம் ஆச்சு. புரிஞ்சப்பறமும் போனேன். அவரு கை வெச்சா தோளு நல்லா இருக்கும்."

டீச்சரம்மா, நீங்கள் பார்த்தது அதுதான். உங்கள் தாத்தா குடிகாரர்களோடு சுற்றவில்லை. ஒவ்வொருத்தராக வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அந்தத் தெருவில் பதினோரு வருஷமாகக் குழந்தைகள் அப்பாவோடு சோறு தின்றார்கள்.

நான் கதை கட்டுகிறவன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் ராமராஜனையும், பூக்கடை காமாட்சியம்மாளையும் தனித்தனியாகக் கேட்டேன். காமாட்சியம்மாளின் புருஷனும் அந்தத் தோள்களில் ஒன்று. மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். கண் மங்கல் சமாச்சாரம் வரைக்கும்.

அவர் இறந்த பத்தாம் நாள், அந்தச் சொம்பைப் பஞ்சாட்சரம்தான் உங்கள் வீட்டில் கேட்டு வாங்கிவந்து மேசைமேல் வைத்தாராம். உங்கள் அம்மா ஒன்றும் கேட்காமல் கொடுத்தாராம். நேற்றுச் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் 'அ. அஜிதநாதன்' என்று வெட்டியிருக்கிறது. இருபத்தொன்பது வருஷமாக விளக்கியிருக்கிறேன், ஒரு நாள் திருப்பிப் படித்ததில்லை. ஐந்தாம் வகுப்புப் படிப்பு அவ்வளவுதான்.

பேயாக்கினதற்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒன்று பாருங்கள், மத்தியானம் வரும், பொழுது சாய்வதற்குள் போய்விடும், யாரையும் தொந்தரவு செய்யாது என்று நான் சொன்னது முழுக்கச் சரியாக இருந்திருக்கிறது.

சிட்டிபாபு


வந்தவாசி
7.7.2025

சிட்டிபாபுவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஐந்தாவது முறை சுகாசினி உரக்கப் படித்தாள். பஞ்சாட்சரத்தின் பேச்சை அவள் காஞ்சிபுரத்துப் பேச்சாகவே படித்தாள். அழுதுகொண்டே சிரித்தோம்.

தாத்தாவுக்கு எண்பது வயதில் கண் எப்படி இருந்தது தெரியுமா? அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பவர் அவர்தான். பருப்பைத் தட்டில் பரப்பினால் முதல் வண்டைப் பார்ப்பவர் அவர்தான். இதெல்லாம் தெரிந்த எனக்கு, அவர் ஏன் இன்னொருவர் தோளைப் பிடித்து நடக்க வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். இந்தக் கணக்கு வரவில்லை.

நேற்று இரண்டு விளக்கு ஏற்றினேன். ஒன்று அவருக்கு. ஒன்று, கேட்காமல் சொம்பைக் கொடுத்த அம்மாவுக்கு. ஜன்னலைச் சாத்திக்கொண்டே இருந்தவளுக்கும் என்றைக்கோ தெரிந்திருக்கிறது.

தரணேந்திரனிடம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ரொம்பச் சந்தோஷம் அம்மா. ஆனால் நேரில் பார்க்காமல் நான் எதையும் எழுதிக்கொள்வதில்லை. 13ஆம் தேதி அந்த இடத்துக்கே போய்விடுகிறேன்" என்றார். நான் வரவில்லை. நான் பக்கத்தில் நின்றால் சாட்சிகளை நான் சொல்ல வைத்ததுபோல் ஆகிவிடும். எல்லாம் உன் கையில் இருக்கிறது என்று எழுதவே பயமாக இருக்கிறது.

கவனமாகப் படி. ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு வருவார். சாப்பாட்டை அவரே தூக்கில் கொண்டுவருவார். உன் அடுப்பிலிருந்து எதையும் நீட்டாதே. தண்ணீரைக் காய்ச்சி, புதுத் துணியில் வடிகட்டி, தாத்தா சொம்பில் வை. அந்த மேசைக்கு அருகில் முட்டை வரக்கூடாது. பேய் என்ற சொல் வரக்கூடாது. நீ வேடிக்கையாக எதுவும் பேசக்கூடாது. முடிந்தால் பேசவே பேசாதே.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் நடந்ததை எழுதியே அனுப்பு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படிக்க வேண்டும்.

எட்டாம் வாய்ப்பாட்டுக்கு இப்போது நன்றி சொல்லிவிடுகிறேன்.

கௌசல்யா


காஞ்சிபுரம்
14.7.2025

டீச்சரம்மாவுக்கும், சுகாசினி பாப்பாவுக்கும்,

நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். தண்ணீரை இரண்டு தரம் காய்ச்சினேன். முட்டையை மத்தியானமே நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆம்லெட் இல்லாத பார் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டாம்.

சம்பந்தி மூன்று இருபத்தெட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி, ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, ஒரு கையில் அளவு நாடா. டிரைவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து நயினார் மேசையில் உட்கார்ந்தார். முப்பத்துமூன்று வருஷத்தில் அதில் உட்கார்ந்த முதல் ஆள். பார் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் சொம்பை வைத்தேன், வாயைத் திறக்கவில்லை. இவர் ஊமையா என்று முத்துக்குமாரிடம் கேட்டார். முத்துக்குமார் ஆமாம் என்றார்.

முதலில் சொம்பைக் கவிழ்த்துப் பேரைப் படித்தார். தண்ணீர் என் காலில் கொட்டியது. மறுபடி நிரப்பினேன். பஞ்சாட்சரத்தைக் கேட்டார், காமாட்சியம்மாளைக் கேட்டார், ராமராஜனைக் கேட்டார். ஒவ்வொருத்தரிடமும் உங்கள் தாத்தா வீடு இங்கிருந்து எத்தனை அடி, அவர்கள் வீடு எத்தனை அடி என்று கேட்டு ஒரு காகிதத்தில் படம் வரைந்தார். கடைசியில் ஐந்தரை மணிக்குப் பேனாவை மூடினார். "எல்லா ஆளும் இவர் வீட்டைத் தாண்டித்தான் இருந்திருக்கிறார்கள். கண் தெரியாதவர் தன் வீட்டைத் தாண்டி எதற்குப் போகிறார்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியை மட்டும் துடைக்கவில்லை.

அப்போது டக், டக் ஆரம்பித்தது.

"இது என்ன?" என்றார். ஊமையாக இருந்ததால் நான் கீழே கை காட்டினேன். குனிந்து ஆறு காலையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ரெக்சினைத் தூக்கச் சொன்னார், பலகையைப் பார்க்க வேண்டும் என்றார். தூக்கினோம். பலகையின் நீள அகலத்தை அளந்தார். பிறகு அதன்மேல் ஏறி நின்று ஒரு தரம் காலால் தட்டினார்.

சம்பந்தி குழிக்குள் போய்விட்டார்.

அடி ஒன்றும் படவில்லை. இடுப்புவரைதான். கண்ணாடி மட்டும் கழன்று உள்ளே எங்கேயோ விழுந்துவிட்டது. மணி ஆறு ஐந்து. பலகை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டிருந்தது, ஆளை எடுக்க அதை அறுக்க வேண்டும் என்று ராமராஜன் ரம்பம் கொண்டுவரப் போனார். சம்பந்தி கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "பொழுது சாய அரை மணிதான் இருக்கிறது, அந்தத் தூக்கை எடுங்கள்" என்றார். குழிக்குள் நின்றபடியே எலுமிச்சைச் சாதமும் கத்தரிக்காயும் சாப்பிட்டார். நான் தாத்தா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். பஞ்சாட்சரம் பக்கத்தில் உட்கார்ந்து, "காலு ரெண்டையும் மிதிக்கட்ட மேல வெக்கற மாதிரி வெச்சிக்கிங்க, இடுப்பு வலிக்காது" என்று சொல்லிக்கொடுத்தார். வலிக்கவில்லை என்றார்.

கை கழுவின பிறகு அங்கிருந்தே சொன்னார். எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன்: "பெண் வீட்டில் சொல்லிவிடுங்கள். எங்களுக்குப் பூரண சம்மதம். இப்படிப்பட்டவர் கொள்ளுப்பேத்தி எங்கள் வீட்டுக்கு வருவது எங்கள் பாக்கியம். ஆவணியில் நாள் பார்க்கலாம்." பாரில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். நானும் என்னை மறந்து "ரொம்ப சந்தோஷங்க" என்று சொல்லிவிட்டேன். சம்பந்தி முத்துக்குமாரைப் பார்த்தார். முத்துக்குமார் கூரையைப் பார்த்தார்.

ஆறு நாற்பதுக்கு வெளியே எடுத்தோம். குழியின் ஆழம் இரண்டடி பத்து அங்குலம். அவரே அளந்தார்.

கண்ணாடி கிடைக்கவில்லை. அது இல்லாமல் அவருக்கு நிஜமாகவே கண் தெரியாது. கார் வரைக்கும் யாராவது கொண்டுவிட வேண்டும். நான் குழிக்குள் தேடிக்கொண்டிருந்தேன். பஞ்சாட்சரம் எழுந்து தன் தோளைக் காட்டினார். சம்பந்தி கையை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள்.

காரைத் தாண்டிப் போய்விட்டார்கள். பஞ்சாட்சரம் பழக்கத்தில் நேரே தன் வீட்டு வாசலுக்குப் போய், "இது என் வூடுதான்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அவர் சம்சாரம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

சம்பந்தி வாசலில் நின்றார். கார் பார் வாசலில் நின்றது.

சிட்டிபாபு